தேர்தல் களத்தில் தன்னார்வ அமைப்புகள்: கட்சி சார்பின்மைக்கு எது அளவுகோல்?

2011 அக்டோபரில் ஹரியானாவின் ஹிசார் மக்களவைத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. பஜன்லாலின் மறைவால் காலியான தொகுதி அது. லோக்பால் சட்டம் கோரி அண்ணா ஹசாரே டெல்லி ராம்லீலா மைதானத்தில் இருந்த உண்ணாவிரதம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவருடைய குழுவினர் ஹிசாருக்குச் சென்று காங்கிரசுக்கு வாக்களிக்க வேண்டாம் என்று பிரச்சாரம் செய்தார்கள். வேறு எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்கவில்லை. ஆகவே, நாங்கள் எந்தக் கட்சியையும் சாராதவர்கள் என்பது அவர்களது வாதம். பாஜக ஆதரவோடு நின்ற குல்தீப் பிஷ்னோய் வென்றார். காங்கிரஸ் வேட்பாளர் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு டெபாசிட்டையும் இழந்தார். இயக்கம் அரசியல் பக்கம் திரும்பிவிட்டது என்று சொல்லி ராஜேந்திர சிங்கும் பி.வி. ராஜகோபாலும் அதே மாதத்தில் குழுவிலிருந்து விலகினார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் அந்த இயக்கத்திலிருந்து ஆம் ஆத்மி கட்சி பிறந்தது.

பிரச்சாரத்தால்தான் காங்கிரஸ் தோற்றது என்று சொல்லிவிட முடியாது. 2009 பொதுத்தேர்தலிலும் ஹிசாரில் காங்கிரசுக்கு மூன்றாம் இடம்தான். ஆனால் விளைவு என்னவாக இருந்தாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு தன்னார்வ அமைப்பு தேர்தலில் தலையிட்டு, அதே சமயம் கட்சி சாராமல் இருக்க முடியுமா? முடியுமென்றால், அதை எதைக்கொண்டு அளப்பது? இக்கட்டுரை இந்திய அனுபவத்தை முதன்மையாக வைத்து, சட்டத்தின் கோடு துல்லியமாகக் கிழிக்கப்பட்டுள்ள அமெரிக்காவைத் துணைக்கு எடுத்துக்கொண்டு, இந்த ஒரு கேள்வியை மட்டும் ஆராய்கிறது.

1. புழக்கத்தில் உள்ள நிலைப்பாடுகள்

நம்மிடையே பரவலாக உள்ள முதல் நிலைப்பாடு, ஒதுங்கியிருப்பது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் அமைப்பின் பெயர்ப்பலகையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். அதிகபட்சம் ‘தவறாமல் வாக்களிப்போம்’ என்று ஒரு பேரணி. இதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இது கட்சி சார்பின்மை ஆகாது, வெறும் தற்காப்பு. ஐந்தாண்டு முழுவதும் குடிநீருக்காகவும் குழந்தைத் தொழிலாளருக்காகவும் குரல் கொடுத்த அமைப்பு, அந்தக் குரலுக்கு அதிக மதிப்பிருக்கும் மூன்று வாரத்தில் வாய்மூடுவதால் யாருக்கு நன்மை? அந்தப் பிரச்சினையைத் தீர்க்காமல் விட்டவருக்குத்தான்.

இதற்கு நேரெதிராக, எல்லாமே அரசியல்தான், நடுநிலை என்பதே ஆளும் தரப்பின் முகமூடி என்பார் உண்டு. இடதுசாரிச் சிந்தனையிலிருந்து வரும் இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. எனினும் அரசியல் என்பதும் கட்சி என்பதும் ஒன்றாகிவிடா. நில உரிமை அரசியல் கேள்வி. அதற்காக இன்ன சின்னத்தில் முத்திரை குத்துங்கள் என்பது கட்சிப் பணி. மறுபக்கம், அமைப்புக்கு அரசியல் இல்லை, உறுப்பினர் கட்சிகளில் சேரலாம் என்று 1949இல் எழுதிய தன் அமைப்பு விதியைக் காட்டும் ஆர்.எஸ்.எஸ். போன்ற அமைப்புகளும் உண்டு. எழுதிவைத்த விதி எவ்வளவு குறைவாகச் சொல்லும் என்பதற்கு அதுவே போதிய சான்று.

மூன்றாவது, சம தூரம். ஒரு கட்சியைப் பற்றி ஒரு குறை சொன்னால் அடுத்த கட்சியைப் பற்றியும் ஒன்று சொல்லிச் சரிக்கட்டுவது. நாளிதழ் ஆசிரியர்களுக்குப் பிடித்த இந்த முறை ஆய்வுக்கு உதவாது. இரண்டு கட்சிகளின் தவறு சம அளவில் இருக்க வேண்டும் என்று எந்த இயற்கை விதியும் இல்லை.

2. சட்டம் கிழிக்கும் கோடு

அமெரிக்காவில் 1954இல், அப்போது செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 501(சி)(3) பிரிவில் வரிவிலக்குப் பெறும் தொண்டு அமைப்புகள் எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ தேர்தல் பிரச்சாரத்தில் ஈடுபடக் கூடாது. தடை முழுமையானது. சட்டம் இயற்றக் கோருவதற்கும் கொள்கையைப் பற்றிப் பேசுவதற்கும் ஓரளவு இடமுண்டு. வேட்பாளர் விஷயத்தில் மட்டும் துளியும் இல்லை. 1992 அதிபர் தேர்தலுக்கு நான்கு நாட்களுக்கு முன் பில் கிளிண்டனுக்கு எதிராக இரண்டு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்த நியூயார்க் மாநிலத் தேவாலயம் ஒன்று வரிவிலக்கை இழந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் அதை உறுதிசெய்தது. ஹிசாரில் நடந்தது போன்ற ‘எதிர்ப்பு மட்டும்’ பிரச்சாரத்துக்கு அங்கே இடமே இல்லை.

அந்தத் தடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, வருவாய்த் துறை 2007இல் வெளியிட்ட விளக்கம். எது கூடும், எது கூடாது என்று 21 கற்பனைச் சூழல்களை அது எழுதிக் காட்டுகிறது. ஓர் அமைப்பின் தலைமை நிர்வாகி வேட்பாளர் ஒருவரைத் தனிப்பட்ட முறையில் ஆதரிக்கிறார். வேட்பாளர் தன் செலவில் கொடுக்கும் நாளிதழ் விளம்பரத்தில் அவர் பெயரும் பதவியும் வருகின்றன. பதவி அடையாளத்துக்காக மட்டுமே என்ற குறிப்பும் இருக்கிறது. இது தவறில்லை. வேறொரு சூழலில், பல்கலைக்கழகத் தலைவர் முன்னாள் மாணவர் செய்திமடலில் தான் வழக்கமாக எழுதும் பத்தியில் இன்னாரே மீண்டும் வெல்ல வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து என்று எழுதுகிறார். அந்தப் பக்கத்துக்கான செலவையும் சொந்தப் பணத்திலிருந்து கட்டிவிடுகிறார். இது தவறு. பணம் அவருடையதாக இருக்கலாம், மேடை நிறுவனத்தினுடையது. இவ்வளவு நுணுக்கமாக வரையப்பட்ட கோடும் நிலையானதல்ல. வழிபாட்டுக் கூட்டத்தில் மதபோதகர் தம் சபையாரிடம் பேசுவது இந்தத் தடைக்குள் வராது என்று 2025 ஜூலையில் அதே துறை டெக்சாஸ் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு கூட்டு மனு போட்டது.

இந்தியாவில் நிலைமை வேறு. கோடு எங்கே என்றே பல நேரம் தெரியாது. வேட்பாளரின் அனுமதியின்றி அவரை வெல்ல வைப்பதற்காகச் செலவு செய்வது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 171எச் பிரிவில் 500 ரூபாயாக இருந்த அபராதம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 176ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை ஆகியிருக்கிறது. வேட்பாளரைத் தோற்கடிப்பதற்கான செலவைப் பற்றி அந்தப் பிரிவின் வாசகம் நேரடியாக எதுவும் சொல்லவில்லை. ஹிசார் அந்த இடைவெளியில்தான் விழுகிறது.

உண்மையில் அமைப்புகள் அஞ்சுவது இந்த 10,000 ரூபாய்க்கு அல்ல, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல் பிறந்து 2010இல் புதிதாக எழுதப்பட்ட சட்டம் அது. ‘அரசியல் தன்மையுள்ள அமைப்பு’ என்று மத்திய அரசு அறிவித்துவிட்டால் வெளிநாட்டு நன்கொடை நின்றுவிடும். பொதுக் காரியத்துக்காக பந்த், ஹர்த்தால், சாலை மறியல், ரயில் மறியல், சிறை நிரப்பும் போராட்டம் என்று வழக்கமாக இறங்கும் அமைப்பையும் 2011ஆம் ஆண்டு விதிகள் அந்த வரையறைக்குள் இழுத்தன. காந்தியின் வழிமுறைகளில் பாதி இந்தப் பட்டியலில் வந்துவிடும். 2020 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் இதைச் சுருக்கியது: தீவிர அரசியலிலோ கட்சி அரசியலிலோ ஈடுபடாத அமைப்பை, அது போராடுகிறது என்பதற்காக மட்டும் அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்த முடியாது. அந்த ஆண்டு இறுதியில் விதியும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. ஆனால் ‘தீவிர அரசியல்’ எது என்று யாரும் எழுதிக் காட்டவில்லை. அதைத் தீர்மானிக்கும் பேனா இன்னமும் உள்துறை அமைச்சகத்தின் மேசையில்தான் இருக்கிறது.

3. பிரமாணப் பத்திரத்தின் கதை

கட்சி சாராத தேர்தல் பணிக்கு இந்தியா தந்த மிக வலுவான மாதிரி ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம், சுருக்கமாக ஏடிஆர். அகமதாபாத் ஐஐஎம்மின் பேராசிரியர்கள் 1999இல் தொடங்கியது. வேட்பாளர்களின் குற்ற வழக்கு, சொத்து, கடன், கல்வி விவரங்கள் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் அதை வாக்காளரின் உரிமை என்றது. அதுவரை ஒருவரையொருவர் எதிர்த்துக்கொண்டிருந்த கட்சிகளெல்லாம் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகிவிட்டன. தீர்ப்பை நீர்த்துப்போகச் செய்யும் அவசரச் சட்டம் தயாரானது. குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் ஒருமுறை அதைத் திருப்பி அனுப்பினார். மீண்டும் வந்தபோது ஆகஸ்டு 24 அன்று கையெழுத்திட வேண்டியதாயிற்று. 2003 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம், மக்கள் சிவில் உரிமைக் கழகமும் சேர்ந்து நடத்திய வழக்கில், இப்படி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் நுழைக்கப்பட்ட 33பி பிரிவை ரத்துசெய்தது.

அன்றிலிருந்து படிவம் 26 என்னும் பிரமாணப் பத்திரம் நம் தேர்தலின் ஓர் அங்கம். வேட்புமனுவோடு தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுக்கப்படும் இந்தப் பத்திரத்தின் நகல் அவருடைய அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஆணையத்தின் இணையதளத்திலும் ஏற்றப்படும். தன்னார்வலர்களின் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒவ்வொரு பக்கமாகப் படித்து, வழக்கு எண், குற்றப் பிரிவு, கையிருப்பு, நகை, நிலம் என்று பிரித்து அட்டவணையாக்க வேண்டும். சில வேட்பாளர்கள் பத்திகளில் வெறும் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். சிலர் காலியாகவே விட்டார்கள். பஞ்சாபைச் சேர்ந்த ரீசர்ஜன்ஸ் இந்தியா என்ற அமைப்பு இதைக் கவனித்து உச்ச நீதிமன்றம் சென்றது. காலிப் பத்தியுள்ள மனுவை, நினைவூட்டியும் நிரப்பாவிட்டால், நிராகரிக்கலாம் என்று 2013 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. எந்தக் கட்சியையும் பெயர் சொல்லாமல், ஒரு படிவத்தின் காலிக் கட்டத்தைப் பிடித்துக்கொண்டு வென்ற வழக்கு. கட்சி சாராத பணி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஆயினும் இம்முறையைக் கண்மூடி ஏற்க முடியாது. ஏடிஆர் கணக்குப்படி, குற்ற வழக்குகளை அறிவித்த மக்களவை உறுப்பினர்கள் 2009இல் 30 விழுக்காடு, 2014இல் 34, 2019இல் 43, 2024இல் 46 (543 பேரில் 251). தகவல் தெரிந்தால் வாக்காளர் விலக்கிவிடுவார் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. தகவல் கிடைப்பது ஓர் உரிமை என்ற அளவில் அது நியாயமே. சீர்திருத்தக் கருவி என்ற அளவில் அதன் வெற்றி ஐயத்துக்குரியது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. 2014 மக்களவைத் தேர்தலில் கன்னியாகுமரியில் ஆம் ஆத்மி வேட்பாளராக நின்ற சுப. உதயகுமார் தம் மீது நூற்றுக்கணக்கான வழக்குகள் இருப்பதாக அறிவித்தார். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரான போராட்டத்தில் போடப்பட்ட வழக்குகள் அவை. தேசத் துரோகப் பிரிவுகளும் அவற்றில் இருந்தன. எண்ணிக்கைப்படி அடுக்கினால், மீனவர்களோடு கடற்கரையில் உட்கார்ந்திருந்தவர் நாட்டின் ‘கிரிமினல்’ வேட்பாளர் பட்டியலின் உச்சிக்குப் போய்விடுவார். ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரியவை, ஜாமீனில் விட முடியாதவை போன்ற அளவுகோல்களால் கடுமையான வழக்குகளை ஏடிஆர் தனியே பிரித்துக் காட்டுகிறது. ஆனால் போராட்டக்காரர்மீது காவல்துறை போடுவதும் பெரும்பாலும் கடுமையான பிரிவுகளைத்தானே? எல்லாருக்கும் ஒரே விதி என்பது உண்மை. அந்த விதிக்குள் வரும் மூலப்பொருளை உற்பத்தி செய்வது ஆளுங்கட்சியின் கட்டுப்பாட்டிலுள்ள காவல்துறை. விதியின் நடுநிலை தரவின் நடுநிலையாகிவிடாது. வழக்கின் தன்மையை ஒரு வரியிலாவது விளக்காத பட்டியல், தன்னையறியாமல் அரசின் பார்வையைச் சுமந்து செல்கிறது.

4. பதினைந்து விழுக்காடு

முன்கூட்டி அறிவித்த விதி எவ்வளவு தூரம் காப்பாற்றும்? அமெரிக்கப் பெண் வாக்காளர் கழகத்தின் அனுபவம் இதற்கு நல்ல உரைகல். பெண்கள் வாக்குரிமை பெற்ற 1920ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை. 1976 முதல் அதிபர் வேட்பாளர் விவாதங்களை நடத்திவந்தது. 1980இல் ஜிம்மி கார்ட்டர், ரொனால்டு ரீகன் இருவரோடு ஜான் ஆண்டர்சன் சுயேச்சையாக நின்றார். கருத்துக்கணிப்பில் 15 விழுக்காடு ஆதரவு இருந்தால் மேடையில் இடம் என்று கழகம் விதித்தது. ஆண்டர்சன் அந்த அளவைத் தொட்டார். அவர் வந்தால் நான் வரமாட்டேன் என்றார் கார்ட்டர். கழகம் விதியை மாற்றவில்லை. செப்டம்பர் 21 அன்று பால்டிமோரில் ரீகனும் ஆண்டர்சனும் மட்டும் விவாதித்தார்கள். பிறகு ஆண்டர்சனின் ஆதரவு சரிந்ததும் அதே விதிப்படி அவருக்கு மேடை இல்லாமல் போனது. அக்டோபர் 28 அன்று கிளீவ்லேண்டில் கார்ட்டரும் ரீகனும் சந்தித்தார்கள்.

கழகத்தின் முடிவு முதலில் கார்ட்டருக்குப் பாதகமாக இருந்தது, பின்னர் ஆண்டர்சனுக்கு. விளைவை வைத்துப் பார்த்தால் இருமுறையும் ஒருவருக்கு எதிரான முடிவுதான். முறையை வைத்துப் பார்த்தால் ஒரே முடிவு. ஏன் 15, ஏன் 10 அல்ல என்று கேட்கலாம்; நியாயமான கேள்வி. ஆனால் அதை விதி அறிவிக்கப்பட்ட அன்று கேட்க வேண்டும், தனக்கு இடம் கிடைக்காத அன்று அல்ல. 1988இல் இரு பெரிய கட்சிகளின் பிரச்சாரக் குழுக்களும் பார்வையாளர் தேர்வு முதல் கேள்வியாளர் வரை தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கழகத்திடம் நீட்டியபோது, அது விவாதத்தை நடத்துவதிலிருந்தே விலகிவிட்டது. அமைப்பின் கட்சி சார்பின்மைக்கு ஒரு கட்சியால் வரும் ஆபத்தைவிட, கட்சிகள் கூட்டுச் சேரும்போது வரும் ஆபத்து பெரியது. 2002இல் அவசரச் சட்டத்தின்போது டெல்லியில் கண்டதும் அதுவே.

5. யாரோடு நிற்பது

கொடுப்பவர் பெயர் வெளித்தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை எதிர்த்த வழக்கில் ஏடிஆர், காமன் காஸ் ஆகிய அமைப்புகளோடு மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் மனுதாரர். 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு திட்டத்தை ரத்துசெய்தது. பிகாரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை எதிர்த்து 2025 ஜூலையில் ஏடிஆர் சென்றபோதும் எதிர்க்கட்சிகள் அதே நீதிமன்ற வாசலில் நின்றன. நீக்கப்பட்ட சுமார் 65 லட்சம் பேரின் பெயர்களைக் காரணத்தோடு வெளியிட ஆகஸ்டு 14 அன்று இடைக்கால உத்தரவு வந்தது. இவற்றை மட்டும் பார்ப்பவருக்கு இந்த அமைப்புகள் எதிர்க்கட்சிகளின் நிழல் என்று தோன்றலாம். ஆளுங்கட்சித் தரப்பில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அதே கண்களைப் பத்தாண்டு பின்னோக்கித் திருப்பினால் காட்சி மாறும். 2013 ஜூன் 3 அன்று, ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்டது. கேட்டவர்களில் ஏடிஆரும் ஒருவர். அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். மார்க்சிஸ்ட் கட்சியும் அந்த ஆறில் ஒன்று, அதுவும் அந்த உத்தரவை எதிர்த்தது. தேர்தல் பத்திர விவரங்கள் வெளியானபோது பாஜகவுக்கு வந்த சுமார் 6,000 கோடி மட்டும் தெரியவரவில்லை. திமுகவுக்கு ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து 509 கோடி வந்ததும் தெரியவந்தது.

இங்கேதான் என் முடிவு. ஓர் அமைப்பின் கட்சி சார்பின்மையை ஒரு தேர்தலில் வைத்து நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆட்சி மாறிய பின்னும் அதே கேள்வியை அதே குரலில் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு ஆட்சிகளின் காலம் வேண்டும். எதிர்க்கட்சியாக இருந்தபோது கைதட்டியவர்கள் ஆளுங்கட்சியானதும் முகம் சுளித்தால், அமைப்பு சரியான இடத்தில்தான் நிற்கிறது.

தமிழ்நாட்டில் பலரும் பாதுகாப்பானது என்று நம்பிப் பிடித்துக்கொள்ளும் ‘ஓட்டுக்குப் பணம் வாங்காதீர்’ பிரச்சாரத்தையும் இதே உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ராதாகிருஷ்ணன் நகர், 2019இல் வேலூர் என்று பணப் பட்டுவாடாவால் தேர்தல் ரத்தான வரலாறு நமக்கு உண்டு. முழக்கம் எந்தக் கட்சியையும் தொடுவதில்லை. அதனால்தான் எல்லாக் கட்சிக்கும் அது சம்மதம். கொடுத்தவரை விட்டுவிட்டு வாங்கியவருக்கு அறம் போதிக்கும் பிரச்சாரத்தை நான் நடுநிலை என்று சொல்லத் தயங்குகிறேன். கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, பிடிபட்ட வழக்குகளில் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மேடைக்கான அனுமதி உடனே கடினமாகிவிடும்.

6. பணம் யாருடையது

தன்னார்வ அமைப்புகள்மீது வீசப்படும் முதல் கல் வெளிநாட்டுப் பணம். 2012இல் கூடங்குளம் போராட்டத்தின்போது அமைப்புகளின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பெயரால்தான். அதே சட்டம் கட்சிகளை எப்படி நடத்தியது என்பது பலருக்கும் தெரியாத கதை. வேதாந்தா குழுமத்தின் நிறுவனங்களிடம் நன்கொடை பெற்றதன்மூலம் காங்கிரசும் பாஜகவும் அச்சட்டத்தை மீறின என்று ஏடிஆர் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடவடிக்கை வரவில்லை, திருத்தம் வந்தது. 2016 நிதிச் சட்டம் ‘வெளிநாட்டு மூலம்’ என்பதன் வரையறையை 2010 முதல் முன்தேதியிட்டு மாற்றியது. பழைய சட்டத்தின் கீழ் வாங்கியது பாக்கி நின்றது. 2018 நிதிச் சட்டம் தேதியை 1976 ஆகஸ்டு 5க்குக் கொண்டுபோனது. நாற்பத்திரண்டு ஆண்டுப் பாவம் ஒரு வரியில் கழுவப்பட்டது.

இதனால் தன்னார்வ அமைப்புகளின் கடமை குறைந்துவிடாது. தேர்தல் காலத்தில் வேட்பாளரின் சொத்துக் கணக்கைக் கேட்கும் அமைப்பு, அன்று காலை தன் நன்கொடையாளர் பட்டியலை வெளியிட்டிருக்க வேண்டும். பல சிறு அமைப்புகள் இதைச் செய்வதில்லை. நிர்வாகி ஒருவர் கட்சியில் சேர்ந்தாலோ வேட்பாளரானாலோ எத்தனை ஆண்டு கழித்து அமைப்புக்குத் திரும்பலாம் என்பதையும் யாரும் எழுதிவைப்பதில்லை. தனிமனிதர் கட்சிக்குப் போவது குற்றமே இல்லை. அமைப்பின் கடிதத் தாளையும் உறுப்பினர் பட்டியலையும் கையோடு எடுத்துப் போவதுதான் குற்றம்.

அடுத்த தேர்தலுக்குத் தயாராகும் அமைப்புகள் வேட்பாளர்களிடம் கேட்கப்போகும் கேள்விகளையும் யாரை மேடைக்கு அழைப்பது என்ற விதியையும் தேர்தல் அறிவிக்கைக்கு முன்பே அச்சிட்டு வெளியிடட்டும். பதில் தராதவரின் பெயருக்கு எதிரே ‘பதில் தரவில்லை’ என்று மட்டும் போடட்டும். அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்க வருவாய்த் துறையால் 21 சூழல்களை எழுதிக் காட்ட முடிந்தது. ‘தீவிர அரசியல்’ எது, எது அல்ல என்று நம் உள்துறை அமைச்சகம் பத்துச் சூழல்களையாவது எழுதி வெளியிட வேண்டும்.